சாகாத வீரனும் சாகக்கூடிய நகரமும்



ஒரு கலைவடிவத்தில் உள்ளதை இன்னொரு கலைவடிவத்துக்குக் கொண்டுசெல்வதைத் தழுவல் என்கிறோம். காவியம் கூத்தாகிறது, நாவல் திரைப்படமாகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, சித்திரக்கதை வீரன் ஒருவன் வீடியோ விளையாட்டாக மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதாகும். இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கு என்ன இடம் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவன்தான். அந்த எண்ணம் மாறிய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆசிரியத் தொழிலுக்கு வந்து எனக்குச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 2011ஆம் ஆண்டு. தரம் 10 மாணவர்களுக்கு ‘என்னைக் கவர்ந்த வீரன்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். கர்ணன், அபிமன்யு, பண்டாரவன்னியன் என்று பலரும் எழுதினார்கள். ஒருவன் மட்டும் சுப்பர்மானைப் பற்றி எழுதியிருந்தான். அதுவும் புத்தகத்திற் கண்ட சுப்பர்மான் அல்லன்; வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய பிளேஸ்டேஷனில் அவன் விளையாடிய சுப்பர்மான். ‘விளையாட்டு வேறு, இலக்கியம் வேறு’ என்று சிவப்பு மையால் எழுதி, இருபதுக்கு ஆறு புள்ளி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

இடைவேளையில் அவன் வந்தான். “சேர், நீங்கள் கடைசிப் பந்தி வாசிக்கேல்லைப் போல” என்றான். உண்மைதான், வாசிக்கவில்லை. அவன் முன்னிலையிலேயே வாசித்தேன். அந்த விளையாட்டில் சுப்பர்மானுக்கு உயிர் அளவு கிடையாது, நகரத்துக்கே உண்டு என்று எழுதியிருந்தான். எனக்கு விளங்கவில்லை. “அவர் சாகமாட்டார், சேர். ஊர் அழிஞ்சால்தான் நாங்கள் தோக்கிறது” என்று விளக்கினான். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அச்சொற்களைக் கேட்டபின் சிறிது நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. ஆறு என்பதைப் பதினைந்து ஆக்கினேன். ஆயினும், அறியாத ஒன்றை அறிந்ததாக நினைத்துத் தீர்ப்புச் சொன்னேனே என்ற உறுத்தல் நீங்கவில்லை. பின்னர் இத்துறை பற்றி அறிந்துகொள்ள முயன்றதற்கு அந்த உறுத்தலே காரணம்.

சுப்பர்மான் என்ற பாத்திரத்தை ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் படைத்தார்கள். 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ முதலாவது இதழில் அவன் அறிமுகமானான். துப்பாக்கிக் குண்டு அவனைத் துளைக்காது. சித்திரக்கதை வாசகனுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. விளையாட்டை அமைப்பவனுக்கோ பெருந் தலையிடி. ஏனெனில் விளையாட்டு என்பதே தோல்விக்கு இடம் வைத்துக் கட்டப்படுவது. கிளித்தட்டானாலும் சதுரங்கமானாலும் தோற்க முடியாத ஆட்டத்தை எவரும் இரண்டாம் முறை ஆடமாட்டார்கள். வீடியோ விளையாட்டுகளில் ‘உயிர்’ என்பது எண்ணிக் கொடுக்கப்படும் ஒரு பொருள்; அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. சாகாத ஒருவனை இந்த அமைப்புக்குள் எப்படி வைப்பது?

1979இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட சுப்பர்மான் விளையாட்டு இதற்கு எளிமையான ஒரு வழி கண்டது. திரையிலே சில சதுரப் புள்ளிகளாலான உருவந்தான் வீரன். உடைந்த பாலத்தின் துண்டுகளைச் சேர்த்து அதைச் சீராக்க வேண்டும். லெக்ஸ் லூதரையும் கூட்டாளிகளையும் சிறையில் அடைக்க வேண்டும். பின் சாதாரண உடையில் பத்திரிகை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். வீரன் சாவதில்லை, எவ்வளவு நேரத்தில் முடித்தான் என்பதே கணக்கு. கிரிப்டனைற் அவன்மீது பட்டால் பறக்கும் ஆற்றல் போய்விடும். லோயிஸ் லேனைச் சந்திக்கும்வரை அவன் நம்மைப்போல் நடந்து திரிய வேண்டியதுதான். இத்தனை சிறிய கருவியிலும் பாத்திரத்தின் இயல்பு கெடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1999இல், பிரான்சைச் சேர்ந்த டைற்றஸ் என்ற நிறுவனம் நின்டெண்டோ 64 கருவிக்கு ஒரு சுப்பர்மானைக் கொண்டுவந்தது. தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்திருந்தது. ஆனால் இவ்விளையாட்டில் வீரன் ஆகாயத்தில் வரிசையாகத் தொங்கும் வளையங்களுக்கூடாக, குறித்த நேரத்துக்குள், திரும்பத் திரும்பப் பறக்க வேண்டியிருந்தது. அவன் பறந்த நகரமும் லூதர் உருவாக்கிய பொய் நகரமே. மிக மோசமான வீடியோ விளையாட்டுகளைப் பட்டியலிடுவோர் இன்றும் இதனை மறப்பதில்லை. பறக்கும் வல்லமையைக் கொடுத்தார்கள்; எதற்காகப் பறக்கிறான் என்பதைக் கொடுக்கவில்லை.

என் மாணவன் ஆடியது 2006இல் ‘சுப்பர்மான் ரிட்டேர்ன்ஸ்’ என்ற திரைப்படத்தை ஒட்டி இலெக்ட்ரொனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அது சிறந்த விளையாட்டு என்று விமர்சகர்கள் கொண்டாடவில்லை. எனினும் உயிர் அளவை வீரனுடைய உடலிலிருந்து எடுத்து மெற்றோபொலிஸ் நகரத்தில் வைத்தார்களே, அது ஒரு நல்ல தழுவலாசிரியன் செய்யும் காரியம். சுப்பர்மானுக்கு வலிப்பது எங்கே என்று அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள்.

கம்பரை இங்கு நினைத்துக்கொள்ளலாம். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரோ அவளைத் தீண்டவிடாது, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைக்கிறார். நிகழ்ச்சி மாறுகிறது. எதைக் காக்க வேண்டும் என்பதில் கம்பருக்கு இருந்த தெளிவே அந்த மாற்றத்துக்குக் காரணம். தழுவுகிறவன் எல்லாவற்றையும் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. விடக்கூடாதது எது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீரக்கதையில் விடக்கூடாதது வல்லமையன்று, வீரனுடைய எல்லையே என்பது என் கருத்து. ‘இரும்புக்கை மாயாவி’யை வாசித்து வளர்ந்தவர்களுக்கு இதை விரிக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சித்திரக்கதையான அது, 1972இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவி மறைந்துவிடுவான். ஆனால் அந்த இரும்புக் கை மட்டும் மறையாது. கையும் மறைந்திருந்தால் கதை எங்கே?

இந்த உண்மையை நன்கு உணர்ந்து செய்யப்பட்டது, லண்டனிலுள்ள ரொக்ஸ்டெடி நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘பற்மான்: ஆர்க்ஹாம் அசைலம்’. 1992இல் ஆரம்பித்த பற்மான் கார்ட்டூன் தொடருக்கு எழுதியவர்களுள் ஒருவரான போல் டினி இதன் கதையை எழுதினார். அத்தொடரில் பற்மானுக்குக் குரல் கொடுத்தவரும், 2022இல் காலமானவருமான கெவின் கொன்றோயே இதிலும் குரல் கொடுத்தார். பற்மானிடம் அமானுஷ்ய ஆற்றல் எதுவும் இல்லை. துப்பாக்கிக்கு முன்னால் அவன் நம்மைப்போன்ற மனிதன். ஆகவே ஆடுபவர் இருளில் மறைந்து, உயரத்திலிருந்து பார்த்து, எதிரிகளை ஒவ்வொருவராக மடக்கவேண்டும். எவரையும் கொல்வதில்லை என்ற அவனது விரதமும் ஆட்டத்தின் விதியாகவே அமைந்துள்ளது. விழுந்தவர்கள் மயங்கிக் கிடக்கிறார்களே தவிர இறப்பதில்லை.

அதில் ஓர் இடம். ஸ்கெயர்குரோ என்ற வில்லனின் நச்சுப்புகையைச் சுவாசித்த பற்மான் ஒரு நீண்ட நடைபாதையிற் செல்கிறான். சுவர்கள் மறைந்து மழை பெய்கிறது. நடைபாதை, பெற்றோர் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தப் பழைய ஒழுங்கையாகிறது. பற்மான் சிறுவனாகிவிடுகிறான். இக்கதை 1939ஆம் ஆண்டு முதல் சித்திரங்களிலும் பின்னர் திரைப்படங்களிலும் எத்தனையோ முறை சொல்லப்பட்டதுதான். அங்கெல்லாம் நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கோ அந்தச் சிறுவனை நடத்திச் செல்வது நமது விரல். அடிக்க முடியாது, பறக்க முடியாது. நடக்க மட்டுமே முடியும். நாம் நடத்தாவிட்டால் அவன் அங்கேயே நிற்பான். ஏட்டாலும் திரையாலும் செய்ய முடியாத ஒன்றை விளையாட்டு செய்துகாட்டிய இடம் என்று இதனைச் சொல்வேன்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இவ்விளையாட்டிலும் அடிதடியே அதிகம். கொல்லாமை விரதம் பூண்டவன் இத்தனை எலும்புகளை முறிப்பது எந்த வகை அறம் என்ற கேள்விக்கு அங்கே விடையில்லை. தொல்காப்பியர் பெருமிதம் என்ற மெய்ப்பாட்டுக்குக் காரணமாகக் கல்வியையும் அஞ்சாமையையும் புகழையும் ஈகையையும் கொண்டார். உடல்வலியைத் தனியே எடுத்துச் சொல்லவில்லை. 2004இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மான் 2’ விளையாட்டில், கையிலிருந்து பறந்துபோன பலூனுக்காக ஒரு குழந்தை அழும். கட்டடங்களுக்கிடையே நூல் வீசித் தாவும் மாவீரன் அந்தப் பலூனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கோ, அவ்வீரனின் இயல்பு வெளிப்படும் இடங்களில் அதுவும் ஒன்றாகத் தோன்றுகிறது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருந்தால், என்னைப்போல் சிவப்பு மையை எடுக்குமுன் அருகில் அமர்ந்து ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள். “எப்படி வெல்லுவாய்?” என்றல்ல, “எப்ப தோப்பாய்?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலில் அந்த ஆக்கத்தின் தரம் தெரிந்துவிடும். சில வேளைகளில் அந்தப் பிள்ளையின் மனமும் தெரியவரும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.