சௌராஷ்டிரக் கடற்கரை யாத்திரை: திட்டமிடுவோருக்குச் சில வார்த்தைகள்

துவாரகை, சோமநாத் போக ஆசைப்பட்டு, "இந்த வயதில் முடியுமா?" என்று தயங்குகிறவர்கள் இங்கே பலர். எனக்கு எழுபத்தைந்து, என் சகதர்மிணிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாங்கள் போய் வந்தோம்.

டிக்கெட் வாங்குமுன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பாவ்நகர் அருகே கோலியாக்கில் நிஷ்களங்க மகாதேவர் கடலுக்குள் இருக்கிறார். ஓதம் ஏறினால் லிங்கங்கள் மூழ்கிவிடும். வற்றினால் நடந்தே போகலாம். காம்பே வளைகுடா புனல் போலக் குறுகுவதால் அங்கே நீர்மட்டம் சுமார் 10 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். ஓத நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். ஆகவே முதல் நாளே உள்ளூரில் விசாரியுங்கள். டூர்க்காரர் அட்டவணைக்குக் கடல் காத்திராது! வழியெல்லாம் சேறு, வழுக்கல். என் மனைவி கரையில் நாற்காலியில் அமர்ந்தே நமஸ்கரித்தாள். அவளுக்குக் குறையொன்றும் இல்லை.

அடுத்து டையூ கோட்டை, பிறகு சோமநாத்.

ஜூனாகட்டை அவசரமாகக் கடக்காதீர்கள். கிர்நார் மலைக்கு 2020 முதல் ரோப்வே உண்டு; ஆனால் அடிவாரத்துப் பாறைதான் எனக்கு முக்கியம். அசோகர், ருத்ரதாமன், ஸ்கந்தகுப்தர் மூவர் காலத்துச் சாசனங்களும் அந்த ஒரே பாறையில். பொ.ஆ. 150 அளவில் புயல்மழையில் சுதர்சன ஏரி உடைந்தது. உடைப்பு பெரிது, அடைக்க முடியாது என்று மந்திரிகள் கைவிரித்தார்கள். சுவிசாகன் என்ற அதிகாரி கட்டி முடித்தார். ஜனங்கள் மேல் வரி போடாமல், அரசர் கஜானாப் பணத்தில். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் அங்கே கொஞ்சம் நிற்காமல் வர முடியுமா?

துவாரகையில் கோமதிப் பக்கம் 56 படிகள். முழங்கால்வலிக்காரர்கள் ஊர்ப்பக்கமுள்ள மோட்ச துவாரம் வழியாக நுழையலாம். மதியம் நடை சாத்துவதால் காலையிலேயே தரிசனம் முடியுங்கள். பேட் துவாரகைக்கு முன்பெல்லாம் ஓகாவில் படகேற வேண்டும். 2024 பிப்ரவரியில் சுதர்சன் சேது திறந்தபின் கார் தீவுக்கே போகிறது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். பத்து நாளாவது ஒதுக்குங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.