மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

(மாணவர் வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



கடவுளின் உடன்படிக்கை, மீட்டெடுப்பு என்று பேசச் சொன்னார்கள். நான் இறையியல் படித்தவனில்லை. வங்கியில் கிளார்க். கவிதை எழுதுவேன். ஆனால் பத்திரம் படிக்கத் தெரியும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா, பட்டா என்று தினமும் கையில் புரள்கிற வேலை. அந்தக் கண்ணோடு எரேமியா புத்தகத்தின் 32ஆம் அதிகாரத்தைப் படித்தவன் என்ற தகுதியில்தான் நிற்கிறேன்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு 31ஆம் அதிகாரம் தெரிந்திருக்கும். புதிய உடன்படிக்கை இருதயத்தில் எழுதப்படும் என்ற வாக்குறுதி அங்கேதான் வருகிறது. எங்க ஊர் போதகர் அதை வைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவார். கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். ஆனா ஒரு தடவைகூட அவர் பக்கத்தைப் புரட்டி 32க்கு வந்ததில்லை. 32இல் நிலக்கிரயம் இருக்கிறது.

காட்சியைச் சொல்கிறேன். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 587 ஆண்டுகளுக்கு முன்பு. எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருக்கிறது. நகரத்துக்குள்ளே பஞ்சம். இந்த நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியாவை அரசன் சிதேக்கியா காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான். அங்கே அவரைத் தேடிவருகிறான் சித்தப்பா மகன் அனாமெயேல். 'ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான்' என்கிறான். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். அந்த ஊர் ஆட்கள்தான் முன்பு அவரைக் கொல்லத் திட்டம் போட்டவர்கள். இப்போது அந்தப் பகுதி எதிரியின் காலடியில். அந்த நிலத்துக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? எங்க மேனேஜர் ஃபைலைத் தூக்கி எறிந்துவிடுவார்.

எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளி. தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரையிடுகிறார். இரண்டு பிரதிகள்: ஒன்று முத்திரை போட்டது, ஒன்று திறந்தது. திறந்ததை எவரும் பார்க்கலாம். தகராறு வந்தால் மூடியதை உடைத்து ஒப்பிடலாம். முற்றத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். வேதாகமத்தில் ஒரு நிலக்கிரயம் இவ்வளவு விவரமாக எழுதப்பட்டிருப்பதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வருகிறது. மதிலை ஒட்டி முற்றுகை மேடு எழும்பிவிட்டதே, இப்போதா நிலம் வாங்கச் சொல்கிறாய் என்று கடவுளிடமே கேட்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அதற்குப் பதிலாகத்தான் நித்திய உடன்படிக்கை என்ற வாக்குறுதி வருகிறது. மறுபடி இந்த நாட்டில் நிலம் வாங்குவார்கள், பத்திரம் எழுதுவார்கள், சாட்சி வைப்பார்கள் என்று அது முடிகிறது. மீட்டெடுப்பு என்றால் என்ன என்று கடவுளைக் கேட்டால், சாட்சிக் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் காட்டுகிறார்.

இப்போ 34ஆம் அதிகாரம். இது நமக்கு ரொம்ப முக்கியம். அதே முற்றுகைக் காலம். உயிர்பயம் வந்ததும் சிதேக்கியாவும் எருசலேமின் பெரிய மனிதர்களும் ஓர் உடன்படிக்கை செய்கிறார்கள். எபிரேய அடிமைகள் எல்லோருக்கும் விடுதலை. கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே நடந்து, ஆலயத்தில் வைத்துச் செய்த சத்தியம். அடிமைகளை அனுப்பியும் விட்டார்கள். கொஞ்ச நாளில் பாபிலோன் படை தற்காலிகமாக விலகுகிறது. 'அப்பாடா' என்று மூச்சு விட்ட மறுகணம், விடுதலை செய்தவர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கினார்கள்.

நகரம் அழிந்ததற்குக் காரணமாக இந்த அதிகாரம் சொல்வது அந்தத் துரோகத்தைத்தான். பிறகு நகரம் விழுந்தபோது, ஒன்றுமில்லாத ஏழைகளுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தவன் யார்? பாபிலோன் தளபதி. 39ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனம். நம் போதகர்கள் இதையும் தாண்டிப் போய்விடுவார்கள்.

பிறகு சிறைப்பட்டவர்கள் திரும்பினார்கள். கி.மு. 538இல் பாரசீக அரசன் கோரேஸ் அனுமதி கொடுத்தான். வாக்குறுதி நிறைவேறியதா? நெகேமியா 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சுமார் நூறு வருஷம் கழித்து அதே ஜனத்தின் ஏழைகள் கதறுகிறார்கள்: வயலை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாக விட்டோம், வாங்கினவர்கள் எங்கள் சகோதரர்களே. நெகேமியா சபையைக் கூட்டி நிலங்களையும், நூற்றுக்கு ஒன்று வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். நூற்றுக்கு ஒன்றா என்று சிரிக்காதீர்கள். நம்ம ஊர் மீட்டர் வட்டி தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லாமல் போகமுடியாது. ஆனதோத்தின் பெயரைச் சுமக்கும் அனாத்தா என்கிற ஊர் இன்றும் எருசலேமுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது பாலஸ்தீனியர்கள் வாழும் ஊர். அதன் நிலங்கள் குடியேற்றங்களுக்குப் போயிருக்கின்றன. சுற்றிலும் பிரிவினைச் சுவர். வாக்குத்தத்தம் என்ற சொல்லை வைத்து இன்னொருத்தன் நிலத்தைப் பிடுங்கலாம் என்றால், எரேமியா எதற்குத் தராசில் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்? நிலத்தை இழந்த பரம்பரையில் வந்த நாம் இந்தப் பிரதியை வாசிக்கும்போது அந்த ஊர்க்காரனையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் வாசிக்கவேண்டும்.

சரி, நம் நிலத்துக்கு வருவோம்.

எங்க பாட்டியிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் ஞானஸ்நானச் சீட்டும், வேதாகமமும், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு தாளும். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தத் தாளை நிதானமாகப் படித்தேன். நிபந்தனைப் பட்டா. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையும் உங்களுக்குத் தெரியும். பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் கிரயம் செல்லாது. அரசு எழுதிக் கொடுத்த உடன்படிக்கை அது. பாட்டிக்குத் தெரிந்து அந்த நிலத்தில் வேறு ஒருத்தர்தான் பயிர் வைத்தார். மூணு மூட்டை கேழ்வரகுக்குப் போனதாம். இதைச் சொல்லும்போது பாட்டி குரலில் கோபம் இருக்காது. எனக்கு அதுதான் தாங்காது.

1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினார்கள். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். நான் அப்போது பால்வாடிக்குப் போகிற பிள்ளை. அந்தப் பெயர்களைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒருத்தன் கிறிஸ்தவப் பெயர்க்காரன், இன்னொருத்தன் இந்துப் பெயர்க்காரன். சுட்டவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, கிறிஸ்தவ தலித்தை இன்றுவரை வெளியே நிறுத்தியிருக்கிறது. சபைக்குள்ளே வந்தால் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலும் சுவர். ஞானஸ்நானத் தொட்டியில் செய்த சத்தியம் கல்லறை வரை வரவில்லை. எருசலேமின் பெரிய மனிதர்கள் கன்றுக்குட்டியின் நடுவே நடந்ததுபோலத்தான்.

விசுவாசிகளுக்கு இன்று இந்த வாக்குறுதியின் அர்த்தம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். எரேமியா அந்த நிலத்தில் ஒருநாள்கூட விதைத்ததாக எழுதப்படவில்லை. கடைசியில் சொந்த ஜனங்களே அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பத்திரம் மட்டும் பானைக்குள் இருந்தது. அதைப் பத்திரமாக வைக்க ஒரு பாருக் இருந்தான். எழுதப்படிக்கத் தெரிந்தவன். நம்மைப்போல ஒரு கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதனால் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிழிந்த தாளாக இருந்தாலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டின் நகல் கேட்டு மனுக் கொடுங்கள். தரமாட்டார்கள்; தகவல் உரிமைச் சட்டத்தில் திரும்பக் கேளுங்கள். சர்வே எண்ணை ஒரு நோட்டில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைச் சாட்சியாக நிறுத்திக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். இன்னொன்றை, எவரும் பார்க்கும்படி, கோயிலில் வையுங்கள்.