ஆறக்கூடாத புண்



புண் ஆறுவது நல்லதென்றே நாம் எல்லோரும் எண்ணியிருக்கிறோம். ஆறாமலிருக்க வேண்டிய புண்ணும் ஒன்று உண்டென்றால் சிரிப்பீர்கள். ஆனால் கண் அழுத்த நோய்க்குச் செய்யும் அறுவையில் விஷயம் அப்படித்தான் இருக்கிறது.

கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்கினால், அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுகிறது. போன பார்வை திரும்பாது. ஆகவே வெள்ளை விழியில் ஒரு சிறு மதகு திறந்து, மேல்சவ்வின் கீழே நீரை வடிய விடுகிறார்கள். 1968-ல் கெய்ர்ன்ஸ் என்னும் வைத்தியர் வெளியிட்ட முறை இது.

ஆனால் அது மதகு என்று உடலுக்குத் தெரியுமா? வெட்டுக்காயம் என்றே நடந்துகொள்கிறது. டி.ஜி.எப். பீட்டா முதலான வளர்ச்சிக் காரணிகள் நார் அணுக்களைத் தூண்டித் தழும்பு கட்டி, வழியை அடைத்துவிடுகின்றன. விரலில் நம்மைக் காக்கிற அதே வேலை கண்ணில் நம்மைக் கெடுக்கிறது! இதில் தலைவிதி எங்கே வந்தது?

தழும்பைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தை 1983-ல் சென் என்பவர் வெளியிட்டார்; இன்றும் பயன்படுகிறது. மிஞ்சினால் சவ்வு மெலிந்து கசியும். பிறகு, பீட்டாவின் ஒரு வகையை மட்டும் கட்டிப்போடும் மருந்தொன்று செய்தார்கள். யோசனை சரியாகவே தோன்றிற்று. ஆனால் 2007-ல் வெளியான சோதனை முடிவில், மருந்தில்லாத வெறும் ஊசியைவிட அது மேலாக இல்லை. அதையும் ஒளிக்காமல் அச்சிட்டார்கள். அறிவுக்கு அழகு அதுவல்லவா?

ஆகவே, அறுவையோடு காரியம் முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். வைத்தியர் சொல்லும்வரை சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். குறித்த நாளில் போய் அழுத்தத்தை அளந்து பாருங்கள். வலி இல்லையே என்று சும்மா இருந்தால், வழி அடைபட்டது தெரியாமலே பார்வை போய்விடும்.