புதுசா வர்றவங்களுக்கு ஒரு பதில்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்குக் கம்ப்யூட்டர் உலகத்தில் நடக்கிற ஒரு கூட்டு வேலையைப் பற்றிப் பேசப்போகிறோம். பயப்பட வேண்டாம், நம்ம குழுவுக்கும் பொருந்துகிற விஷயம்தான்.

இணையம் பார்ப்பதற்கு 'ஃபயர்பாக்ஸ்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. மொசில்லா என்ற திட்டத்தில் உருவாகி 2004-ல் முதல் பதிப்பு வந்தது. இதன் செய்முறை ரகசியம் இல்லை. யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். சம்பளக்காரர்களோடு, காசு வாங்காத தன்னார்வலர்களும் சேர்ந்து உழைக்கிறார்கள். அதைத் தமிழில் மொழிபெயர்த்ததும் தன்னார்வலர்கள்தான்.

புதியவர் ஒருவர் ஒரு பிழையைச் சரிசெய்து அனுப்பினால், அனுபவம் உள்ளவர் பார்த்து 'சேர்க்கலாம்' என்றோ 'இதைத் திருத்துங்க' என்றோ சொல்ல வேண்டும். மொசில்லாவில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். முதல் வேலைக்கு 48 மணி நேரத்துக்குள் பதில் கிடைத்தவர்கள் மிக அதிகமாகத் திரும்ப வந்தார்கள். 7 நாளுக்கு மேல் காத்திருந்தவர்களில் அநேகமாக ஒருவரும் திரும்பவில்லை.

கவனியுங்கள், அவர்களை யாரும் திட்டவில்லை. பதில் வரவில்லை, அவ்வளவுதான். அதுவே ஆளை அனுப்பிவிடுகிறது.

பழையவர்களுக்கும் வேலை குவிந்து கிடக்கும். அதனால் அங்கே புதியவர்களுக்கு ஏற்ற சின்ன வேலைகளைத் தனியாகக் குறித்து, யாரிடம் கேட்கலாம் என்றும் எழுதி வைக்கிறார்கள்.

இப்போ நம்ம குழுவுக்கு வருவோம். புது உறுப்பினர் முதல் தடவையாகத் தீர்மானப் புத்தகம் எழுதிக் கொண்டுவருகிறார். 'வைச்சிட்டுப் போங்க, அப்புறம் பார்க்கலாம்' என்கிறோம். அடுத்த மாதம் அவர் பேனாவையே தொடமாட்டார். பிறகு ஊக்குநர் ஒருவரே எல்லாம் எழுதுவார். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கணக்கு நின்றுவிடும், வங்கிக் கடனும் தள்ளிப்போகும்.

ஆகவே மூன்று காரியம் செய்வோம்.

1. அன்றைக்கே வாங்கிப் பார்ப்போம். நேரமில்லை என்றால், எந்தக் கிழமை பார்ப்போம் என்று சொல்லி, அதன்படி பார்ப்போம்.

2. சரியாக எழுதியதை முதலில் சொல்வோம். பிறகு தப்பு எந்த வரியில் என்று காட்டி, அவர் கையாலேயே திருத்தச் சொல்வோம். நாமே பிடுங்கி எழுதினால் வேலை சீக்கிரம் முடியும், ஆள் போய்விடும்.

3. ஏற்க முடியாததைக் காரணத்தோடு மறுப்போம். மறுப்பைத் தாங்கிக்கொள்வார்கள், மௌனத்தைத் தாங்கமாட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு குழுவும் புதியவர் எழுதிய ஒரு பக்கத்தையாவது கொண்டுவாங்க. சேர்ந்து படிப்போம்.