முதியோரும் நினைவுச் சோதனையும்



முதியோரின் மறதியை மூப்பின் இயல்பென்று கூறி வாளாவிருத்தல் நம்மவர் வழக்கமாயிற்று. மூப்பு வேறு, மறதிநோய் வேறு. 1975-இல் அமெரிக்காவில் மார்ஷல் போல்ஸ்டீன் முதலானோர் வகுத்த 30 மதிப்பெண் சோதனை இன்றும் பல நாடுகளில் வழங்குகின்றது. நாளும் இடமும் வினவி, ஒரு வாக்கியம் எழுதவும் பணிக்கும் அச்சோதனையில், பள்ளி காணாத நம் பாட்டிமார் குறைந்த எண் பெறுதல் வியப்பன்று. எழுத்தறியாமை நோயாகாது, ஆசிரியனாகிய யான் இதனை வற்புறுத்துவேன். ஆதலின், "பழகிய தெருவில் வழி தவறுகின்றாரா? அடுப்பேற்றியதை மறக்கின்றாரா?" என வீட்டாரையும் வினவுதல் வேண்டும்.

செவிக்குறை, இரத்த அழுத்தம், நீரிழிவு, தனிமை முதலிய 14 காரணங்களை நீக்கின், இந்நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தாழ்க்கவோ கூடுமென 2024-இல் லான்செட் ஆணைக்குழு உரைத்தது. ஆகவே, நம் சங்க மண்டபத்தில் நினைவோடு செவியும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிப்போமாக. ஐயமுற்றாரை மருத்துவரிடம் அழைத்தேகுவோம். எண் குறைந்தாரைப் பித்தரென்று இகழும் சொல் நம் இல்லங்களில் ஒழிக!