விழுந்தோமா, விடப்பட்டோமா?
ஓர் ஆங்கில வினைத்தொடர் குறித்து

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் மாலை வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் பணிகளை எமக்கு முன் பேசியவர்கள் செவ்வனே எடுத்துரைத்தார்கள். மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கும் நாங்கள் இன்று ஒரே ஒரு வினைத்தொடரைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். 'ஃபால் பிஹைண்ட்' என்பது அத்தொடர். விழா மேடையில் இலக்கண வகுப்பா என்று சிலர் வியக்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

நம் மாணவர் ஒருவர் பாலிடெக்னிக் படிப்பை முடித்து, இவ்வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். மூன்றாண்டுப் படிப்புக்கு ஐந்தாண்டு ஆனது ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். 'மூன்று அரியர் விழுந்துவிட்டது' என்று நாம் அனைவரும் சொல்வதை அவர் அப்படியே மாற்றி, 'த்ரீ அரியர்ஸ் ஃபெல் டவுன்' என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் தந்தை நோயுற்றபோது, இரவில் ஒப்பந்த வேலைக்குச் சென்று பகலில் வகுப்பில் அமர்ந்தவர் அவர். சொல்வதற்குப் பெருமையான விடை அவரிடம் இருந்தது. அதைச் சொல்லும் வினைச்சொல்தான் இல்லை.

'ஃபெல் டவுன்' என்றால் தரையில் விழுவது. சைக்கிளிலிருந்து விழுவதும், படியில் தடுக்கி விழுவதும் அது. அவர் சொல்ல வேண்டியிருந்தது 'ஃபெல் பிஹைண்ட்' என்பதாகும். 'ஃபால்' என்றால் விழு. 'பிஹைண்ட்' என்றால் பின்னால். இரண்டையும் தனித்தனியே மொழிபெயர்த்தால் 'பின்னால் விழு' என்று வரும், அது பொருளன்று. இரண்டும் சேர்ந்து 'பின்தங்கு' என்னும் புதுப்பொருளைத் தருகின்றன. ஆங்கிலத்தில் இத்தகைய தொடர்கள் ஏராளம். அவற்றைப் பிரிக்காமல் ஒரே சொல்லாகக் கருதிப் பாடம் செய்ய வேண்டும்.

இத்தொடர் மூன்று இடங்களில் பெரிதும் வழங்குகிறது. ஒன்று, நடையிலும் ஓட்டத்திலும்: 'ஹி ஃபெல் பிஹைண்ட் தி அதர்ஸ்', மற்றவர்களோடு சென்றவன் பின்தங்கினான். இரண்டு, படிப்பிலும் பணியிலும்: 'ஷி ஃபெல் பிஹைண்ட் இன் மேத்ஸ்', அவள் கணக்கில் பின்தங்கினாள். மூன்று, கொடுக்க வேண்டிய பணத்தில்: 'தே ஹேவ் ஃபாலன் பிஹைண்ட் வித் தி ரென்ட்', அவர்களுக்கு வாடகை பாக்கி விழுந்துவிட்டது. ஃபால், ஃபெல், ஃபாலன் என்பனவே இவ்வினையின் வடிவங்கள். 'ஃபால்டு' என்று எழுதுவது பிழை.

இங்கே ஒரு வியப்பு உண்டு. 'அரியர்' என்ற சொல்லே, 'பின்னால்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஆகவே 'அரியர்' என்பதும் 'பிஹைண்ட்' என்பதும் உறவுப் பொருள் உடையவை. ஆனால் தமிழில் நாம் அரியரை விழச் செய்கிறோம்; ஆங்கிலமோ ஆளையே விழச் செய்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும்.

'ஃபால்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்குச் செயப்பாட்டு வினை வடிவம் கிடையாது. 'யாரால்?' என்ற கேள்விக்கு அது இடமே தருவதில்லை. மரத்திலிருந்து பழம் விழுவதுபோல மனிதன் தானாகவே பின்தங்கினான் என்றுதான் அது சொல்லும். ஆங்கிலத்திலேயே வேறு இரு தொடர்கள் உண்டு. 'வாஸ் லெஃப்ட் பிஹைண்ட்' என்றால் பின்னால் விடப்பட்டான். 'வாஸ் ஹெல்ட் பேக்' என்றால் முன்னேறாதபடி தடுத்து நிறுத்தப்பட்டான். இவை செயப்பாட்டு வினைகள். விட்டவர் யார், தடுத்தவர் யார் என்று கேட்க இவை வாயில் திறக்கின்றன.

தமிழ் இந்த வேறுபாட்டை நமக்கு முன்பே கற்பித்திருக்கிறது. 'தாழ்ந்தோர்' என்பதை ஏற்காமல் 'தாழ்த்தப்பட்டோர்' என்றோம். 'ஒடுங்கியோர்' என்னாமல் 'ஒடுக்கப்பட்டோர்' என்றோம். அரசு வழக்கிலும் 'பிற்பட்டோர்' என்பதோடு நில்லாமல் 'பிற்படுத்தப்பட்டோர்' என்ற சொல் நிலைபெற்றது. ஒரு விகுதிக்குள் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. தாழ்ந்தவன் என்றால் குற்றம் அவனுடையது. தாழ்த்தப்பட்டவன் என்றால் தாழ்த்திய கை ஒன்று உண்டு.

அந்தக் கையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மீஞ்சூரும் பொன்னேரியும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891-ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும், தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தாலும் மிராசுதாரர்களின் முன்னுரிமை குறுக்கே நின்றதையும் அது எடுத்துக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892-இல் நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் எவருக்கும் தடையில்லை என்று சட்டசபையில் தீர்மானம் நிறைவேற்ற 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தவர், இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். பள்ளிக்குச் செல்லும் தெருவிலேயே நடக்க விடாத ஒரு குழந்தையைப் பார்த்து, 'இவன் படிப்பில் பின்தங்கினான்' என்று எழுதுவது மெய்யாகுமா? அங்கே 'ஃபெல்' பொய், 'லெஃப்ட்' மெய், 'ஹெல்ட் பேக்' முழு மெய்.

எனினும், இளைஞர்களே, இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். செய்ய வேண்டிய பாடத்தைச் செய்யாமல், மாதம் முழுவதும் கைப்பேசியில் கழித்துவிட்டுத் தேர்வில் தோற்றவர், 'ஐ வாஸ் ஹெல்ட் பேக்' என்று சொல்வது அறமன்று. அவருக்குரிய வினை 'ஃபெல் பிஹைண்ட்' என்பதே. தன் தவறுக்குத் தன்வினையைச் சொல்லும் நேர்மை உடையவன்தான், பிறர் இழைத்த அநீதிக்குச் செயப்பாட்டு வினையைச் சொல்லும் உரிமையும் உடையவன்.

பின்தங்கியவர் மீண்டும் சேர்வதற்கும் ஒரு தொடர் உண்டு: 'கேட்ச் அப்', எட்டிப் பிடித்தல் என்பது பொருள். இதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பள்ளியில் உட்கார வீட்டிலிருந்தே கோணிச்சாக்கு கொண்டு சென்ற பிள்ளை அவர். இலண்டனில் உயர்கல்வி பயின்றுகொண்டிருந்தபோது பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால், 1917-இல் ஆய்வை முடிக்காமலே நாடு திரும்ப நேர்ந்தது. உடன் பயின்றவர்கள் முன்னே சென்றார்கள். அவரோ பம்பாயில் கல்லூரிப் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராஜரின் உதவியையும் நண்பரிடம் பெற்ற கடனையும் கொண்டு 1920-இல் மீண்டும் கப்பலேறினார். 1923-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் அவருக்குக் கிடைத்தது. அவர் 'ஃபெல் பிஹைண்ட்' அல்லர், 'ஹெல்ட் பேக்'. ஆனால் அவர் 'காட் அப்' என்பது யாராலும் மறுக்க முடியாத வரலாறு.

அந்த வரலாற்றில் இன்னொரு தொடரும் ஒளிந்திருக்கிறது: 'ஃபால் பேக் ஆன்'. இடர் வந்தபோது ஒன்றைத் துணையாகப் பற்றிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். 'ஆன்' என்ற சிறு சொல்லை விட்டுவிட்டால், 'பின்வாங்கு' என்று பொருள் மாறிவிடும், கவனம் வேண்டும். அம்பேத்கருக்குச் சேமிப்பு இருந்தது, நண்பர் இருந்தார், புரவலர் இருந்தார். நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு போனால் நிலம் இருக்கிறது. கடை உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கடை இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு போனால் சாய்ந்துகொள்ள என்ன இருக்கிறது? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் மூத்தோர் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான். அதற்கு அவர்கள் கண்ட விடையே இச்சங்கம். கட்டணம் கட்ட முடியாத மாதத்திலும், வகுப்பில் ஒன்றும் விளங்காத மாலையிலும் பிள்ளைகள் வந்து சாயும் சுவராக இது இருக்க வேண்டும்.

வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்சாலைகள், கிழக்கே அனல்மின் நிலையமும் துறைமுகங்களும். நடுவில் நாம் வாழ்கிறோம். காலையில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறும் நம் பிள்ளைகள் அந்த வாயில்களைச் சுமைகூலிகளாக மட்டும் கடக்கக் கூடாது. அலுவலக அறையில் அமர்ந்து ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விக்கு, தலை நிமிர்ந்து விடை சொல்லிக் கடக்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன மாணவர் மறுவாரமே எங்கள் வகுப்புக்கு வந்தார். அவரோடு அமர்ந்து இரண்டே வாக்கியங்கள் எழுதினோம். 'ஐ ஃபெல் பிஹைண்ட் இன் மை செகண்ட் இயர் பிகாஸ் ஐ வொர்க்டு அட் நைட் டு சப்போர்ட் மை ஃபேமிலி. ஐ காட் அப் அண்ட் பாஸ்டு ஆல் மை பேப்பர்ஸ்.' இரண்டாம் ஆண்டில், குடும்பத்தைக் காக்க இரவில் வேலை செய்ததால் பின்தங்கினேன். பிறகு எட்டிப் பிடித்து எல்லாத் தாள்களிலும் தேறினேன் என்பது பொருள். அவர் அதைப் பத்து முறை உரக்கப் படித்தார். பத்தாவது முறை படிக்கும்போது அவர் குரலில் வெட்கம் இல்லை.

இளைஞர்களே, இன்று வீடு திரும்பியதும் இவ்விரு வாக்கியங்களை உங்கள் ஏட்டில் எழுதுங்கள். காரணத்தை மட்டும் உங்கள் சொந்த வாழ்விலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைத் திங்கட்கிழமை மாலை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பிழை திருத்தித் தர நாங்கள் காத்திருப்போம்.