கல்லும் பொன்னும்

காலைவேளையில் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்திற்குச் செல்லும் மகளிரின் அணிகலன்களை உற்று நோக்கியதுண்டா? வைரமே எங்கும் பேசப்படும். வைரம் ஒளியை வாரியிறைப்பது. விளக்கின்முன் அதற்கு நிகரில்லை. அகேட்டு என்னும் மணிக்கல்லோ ஒளியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது. அதன் மெல்லிய வரிகளைக் காணப் பகல் வெளிச்சம் வேண்டும். அவ்வினத்துச் செந்நிறக் கல்லைச் சூதுபவளம் என்பர். பெயரில்தான் பவளம், கடற்பவளத்திற்கும் அதற்கும் உறவே இல்லை.

இக்கல்லை மணியாக்கும் தொழில் நம் காவிரி நாட்டுக்குப் புதியதன்று. ஈரோடு மாவட்டத்தில், நொய்யலின் வடகரையில் உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, ஓர் ஈமக்குழியில் மட்டும் 2000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. முற்றுப்பெறாத மணிகளும் கற்சில்லுகளும் கிடைத்தமையால், மணிகள் அவ்வூரிலேயே செய்யப்பட்டன என்பது தெளிவு. மூலக்கல் கூர்ச்சர நாட்டிலிருந்து வந்திருத்தல் வேண்டும் என்பர் ஆய்வாளர். நொய்யல் காவிரியில் கலக்கிறது. அக்காவிரி கரூர்ப் பக்கமாக வந்து, பண்டைச் சோழர் தலைநகராகிய நம் உறையூரைத் தொட்டுச் செல்கிறது.

மங்கிய கல்லை மெல்லச் சூடேற்றினால், அதிலுள்ள இரும்புச்சத்துச் சிவந்து நிறம் கொடுக்கும். அரிய வேலை துளையிடுவதே. சாதாரண இரும்பு இக்கல்லில் ஏறாது. கூர்ச்சரத்துக் கம்பாத்தில் இன்றும் இத்தொழிலைச் செய்வோர், வைரத் துணுக்குப் பதித்த முனையால் இரு புறமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கின்றனர். பொன்னோ நகத்தளவு தகட்டையும் நினைத்தபடி வளைக்க இடங்கொடுக்கும். இணங்காத கல்லுக்கு இணங்கும் பொன்னைத் துணையாக்கிய முன்னோரின் அறிவை என்னென்பது!

ஆயினும் பழைய நகையை அழிக்கும்போது நாம் செய்வதென்ன? பத்தர் கல்லின் எடையைக் கழித்துப் பொன்னுக்கு மட்டும் விலை சொல்வார். கணக்கில் பிழையில்லை. என் பாட்டியார் பகலில் அணிந்திருந்த செம்மணி மாலையும் என் இளமையில் அவ்வாறே அழிக்கப்பட்டது. மணிகள் சிறு பொட்டலமாக வீடு திரும்பின. பொட்டலமும் பின்னர் எங்கோ தொலைந்தது. நான் விளையாட எடுத்துவைத்த ஒரு மணி மட்டும் எஞ்சியிருக்கிறது. அதை வெயிலில் பிடித்துப் பார்த்தால், இரு புறத்துத் துளைகளும் ஒரு மயிரிழை விலகிச் சந்தித்த இடம் நன்றாகத் தெரிகிறது.